சக்கரமும் சிக்கனமும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வறண்ட நிலத்தில் வாழ்வோர் தண்ணீரை அளந்து செலவிடப் பழகியவர்கள். அதே நிலத்தில் ஓடும் சரக்கு வண்டிக்கு ஊற்றும் டீசலும் அளந்து செலவிட வேண்டிய பொருளே. கரடுமுரடான பாதைக்காக உயர்த்தப்பட்டு, பெரிய டயர்கள் பூட்டப்பட்ட வண்டி ஏன் மிகுதியான எரிபொருளைக் குடிக்கிறது? அதைக் குறைக்க வழிகள் உண்டா? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் மண்ணையும் பாதையையும் முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கரிசல் மண்ணும் சரக்கு வண்டியும்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையும் அதற்குக் கிழக்கே திருச்சுழியும் அமைந்துள்ளன. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வானம் பார்த்த புஞ்சைகளும், மழை பெய்தால் மட்டுமே நிரம்பும் கம்மாய்களும், இடையிடையே சீமைக்கருவேலக் காடுகளும் இந்நிலத்தின் அடையாளங்கள். பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, மக்காச்சோளம், மல்லி, மிளகாய் ஆகியன இம்மண்ணின் விளைச்சல்கள். விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளில் சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்பதும் பலருக்கு வாழ்வாதாரமாகிறது.

இப்பொருள்கள் யாவும் விற்பனைக்குச் சென்றாக வேண்டும். மல்லியும் மிளகாயும் பயறும் விருதுநகருக்குச் செல்கின்றன. மல்லிகைப் பூ விடியுமுன் மதுரைக்குச் சென்று சேர வேண்டும். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் நான்குவழிச் சாலை இன்று வழவழப்பாக உள்ளது. ஆனால், களத்துமேட்டிலிருந்து அச்சாலையை வந்தடையும்வரை உள்ள வண்டிப்பாதைதான் வண்டியையும் ஓட்டுநரையும் சோதிக்கிறது.

முன்பு மாட்டு வண்டி செய்த இப்பணியை இன்று சிறு சரக்கு வண்டிகள் செய்கின்றன. 2005ஆம் ஆண்டில் அறிமுகமான டாட்டா ஏஸ், மக்கள் வழக்கில் ‘குட்டியானை’ என்னும் பெயரைப் பெற்று ஊர்தோறும் பரவியது. அதைவிடச் சற்றுப் பெரியதும் முரட்டுப் பாதைக்கு ஏற்றதுமான ‘பிக்கப்’ வண்டிகளும் பெருகின. இவ்வண்டிகளை ஓட்டுபவர் பெரும்பாலும் அவற்றின் உரிமையாளராகவும் இருப்பார். கடன் தவணை, டயர், பழுது, டீசல் என்னும் நான்கு செலவுகளையும் வாடகையிலிருந்து கழித்தபின் எஞ்சுவதே அவர் வருவாய். அந்நான்கில் நாள்தோறும் கைப்பணத்தைக் கரைப்பது டீசல்.

வண்டியை ஏன் உயர்த்துகின்றனர்?

கரிசல் மண் கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். மழையில் ஊதிப் பிசினாக மாறும். நீரை உறிஞ்சி விரியும் களிமண் கனிமங்கள் இம்மண்ணில் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது, டிராக்டர் சென்ற தடங்கள் ஆழமான பள்ளங்களாகின்றன. நடுவில் எஞ்சும் மண்திட்டு, தாழ்வான வண்டியின் அடிப்பகுதியில் உரசுகிறது. மழை நின்றபின் அத்தடங்கள் அப்படியே இறுகிக் கல்லாகிவிடுகின்றன. போதாக்குறைக்குச் சீமைக்கருவேல முள், மெல்லிய டயர்களை எளிதில் துளைத்துவிடுகிறது.

இவற்றுக்குத் தீர்வாக வண்டி உரிமையாளர்கள் சிலர் இரண்டு மாற்றங்களைச் செய்கின்றனர். ஒன்று, சக்கரத்திற்கு மேலுள்ள பட்டைவில்லில் கூடுதலாகப் பட்டைகளைச் சேர்த்து வண்டியின் உடலை உயர்த்துவது. மற்றொன்று, நிறுவனம் பொருத்தித் தந்த டயருக்கு மாற்றாக, விட்டமும் அகலமும் மிகுந்த, ஆழமான கட்டைகளைக் கொண்ட டயர்களைப் பூட்டுவது. இவற்றால் தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. வண்டி பள்ளத்தில் தட்டாமல் செல்கிறது. அது கண்கூடான பயன். அதற்குரிய விலையோ கண்ணில் படுவதில்லை. எரிபொருள் நிரப்பும் நிலையத்தில் சிறிது சிறிதாக வாங்கப்படுகிறது.

மாட்டு வண்டியின் பெரிய சக்கரம்

பெரிய சக்கரம் இழுவையை எளிதாக்கும் என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப்பட்டை ஆகியவற்றைக் கொண்டு தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்த மாட்டு வண்டிச் சக்கரம் ஏறத்தாழ ஆள் மார்பளவு உயரம் இருக்கும். சிறு சக்கரம் விழுந்துவிடும் பள்ளத்தைப் பெரிய சக்கரம் எளிதாகக் கடந்துவிடும். மேலும், ஆரம் மிகும்போது அச்சில் ஏற்படும் உராய்வை வெல்ல மாடு செலுத்த வேண்டிய விசை குறையும்.

அப்படியாயின் மோட்டார் வண்டிக்கு மட்டும் பெரிய சக்கரம் ஏன் சுமையாகிறது? விடை, விசை எங்கிருந்து வருகிறது என்பதில் உள்ளது. மாடு வண்டியை இழுக்கிறது. சக்கரம் தானாக உருள்கிறது. மோட்டார் வண்டியிலோ எஞ்சின் அச்சைத் திருகுகிறது. அச்சு சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் தரையைப் பின்னோக்கி உந்துகிறது. அச்சின் திருகுவிசை மாறாதிருக்க, சக்கரத்தின் ஆரம் கூடினால் தரையில் கிடைக்கும் உந்துவிசை குறையும். கதவின் கீலுக்கு அருகில் கைவைத்துத் தள்ளுபவரின் முயற்சியோடு இதனை ஒப்பிடலாம். மாட்டுக்கு உதவிய பெரிய ஆரம், எஞ்சினுக்குத் தடையாகிறது.

தெரியுமா?

சங்க காலத்தில் உப்பு வணிகரான உமணர், மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி செலுத்தும்போது அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென மற்றோர் அச்சை வண்டியின் அடியில் கட்டி வைத்திருந்தனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்று இச்செய்தியைத் தருகிறது. இன்றைய வண்டிகளில் உள்ள மாற்றுச் சக்கரத்தின் முன்னோடி எனச் சேம அச்சைக் கருதலாம்.

ஒரு லிட்டர் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3 கோடியே 60 இலட்சம் ஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. இது 10 யூனிட் மின்சாரத்திற்கு ஈடானது. இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சினில் இயக்கமாக மாறுகிறது. எஞ்சியவை வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெளியேறுகின்றன. கியர்களிலும் அச்சிலும் நிகழும் உராய்வைக் கழித்தால், சக்கரத்தை வந்தடைவது தோராயமாக 1 கோடியே 10 இலட்சம் ஜூல். இந்தச் சேமிப்பைக் கொண்டுதான் வண்டி தன் தடைகளை வெல்ல வேண்டும்.

சமதளத்தில் சீராக ஓடும் வண்டிக்கு இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது உருள்தடை. டயர் தரையைத் தொடும் இடத்தில் அழுங்கி, விலகும்போது மீண்டும் நிமிர்கிறது. அழுங்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதையும் நிமிரும்போது இரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுகிறது. நெடுந்தொலைவு ஓடிய டயரைத் தொட்டுப் பார்த்தால் இவ்வெப்பத்தை உணரலாம். இரண்டாவது காற்றுத்தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சுமையோடு சேர்த்து 2,500 கிலோகிராம் நிறையுள்ள பிக்கப் ஒன்று தார்ச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் உருள்தடை ஏறத்தாழ 300 நியூட்டன்; காற்றுத்தடை ஏறத்தாழ 250 நியூட்டன்; மொத்தம் 550 நியூட்டன். சக்கரத்தை வந்தடையும் ஆற்றலை இதனால் வகுத்தால், ஒரு லிட்டருக்கு 20 கிலோமீட்டர் எனக் கிடைக்கும். அதே வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் காற்றுத்தடை மட்டும் ஏறத்தாழ 450 நியூட்டனாக உயரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர்கூடக் கிடைக்காது. மண்பாதையில் மெதுவாகச் சென்றாலும் உருள்தடை நான்கு மடங்காகி 1,200 நியூட்டனைத் தொடும். 9 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. நின்று புறப்படுதல், ஏற்றம் ஏறுதல், நிறுத்தத்தில் எஞ்சினை ஓடவிடுதல் ஆகியவற்றால் நடைமுறையில் இவ்வளவுகள் இன்னும் குறையும். எனினும், தடைகளுக்கிடையே உள்ள விகிதத்தை இவ்வேட்டுக்கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

பெரிய டயர் கேட்கும் விலை

உயர்த்தப்பட்ட வண்டி நான்கு வழிகளில் கூடுதலாக எரிபொருளைக் கேட்கிறது.

முதலாவது, உருள்தடை. சேற்றில் பிடிமானம் தரும் ஆழமான இரப்பர்க் கட்டைகள், தார்ச்சாலையில் ஒவ்வொன்றும் தனித்தனியே நெளிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. மேற்கண்ட எடுத்துக்காட்டில் உருள்தடை கால் பங்கு கூடி 375 நியூட்டனானால், 20 கிலோமீட்டர் ஓடிய வண்டி 17.6 கிலோமீட்டர்தான் ஓடும்.

இரண்டாவது, சக்கரத்தின் நிறை. ஓடும் வண்டியில் மற்றப் பொருள்கள் முன்னோக்கி மட்டுமே நகர்கின்றன. சக்கரமோ முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்கிறது. எனவே, சக்கர விளிம்பில் கூடும் ஒரு கிலோகிராம், வேகமெடுக்கும்போது வண்டித் தொட்டியில் ஏற்றிய ஏறத்தாழ இரண்டு கிலோகிராமுக்கு ஈடான ஆற்றலைக் கேட்கும். ஊருக்கு ஊர் நின்று புறப்படும் வண்டிக்கு இவ்விழப்பு மிகுதி.

மூன்றாவது, காற்றுத்தடை. உடல் உயர்ந்த வண்டியின் அடியில் காற்று மிகுதியாகப் புகுந்து, அச்சிலும் சட்டங்களிலும் மோதிச் சுழல்கிறது. அகன்ற டயர்களும் காற்றை எதிர்கொள்ளும் பரப்பைக் கூட்டுகின்றன. சரக்கின் மேல் தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் காற்றில் படபடப்பதும் இத்தடையைப் பெருக்கும்.

நான்காவது, கியர் விகிதம். நிறுவனம், தான் பொருத்திய டயரின் அளவைக் கருத்திற்கொண்டே கியர்களின் விகிதத்தை வகுத்துள்ளது. டயர் பெரிதானால் எஞ்சின் ஒவ்வொரு கியரிலும் திணறும். ஓட்டுநர் நான்காம் கியரில் ஏறிய ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏற நேரிடும். கிளட்ச் தேய்மானமும் கூடும். பெரிய டயரால் எஞ்சின் மெதுவாகச் சுழல்கிறது. ஆகவே மைலேஜ் கூடும் என்று சிலர் கருதுகின்றனர். சமதளத்தில், குறைந்த சுமையோடு, ஒரே வேகத்தில் ஓடும்போது மட்டும் இக்கருத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். சுமையேற்றிச் சந்தைக்குச் செல்லும் வண்டிக்கு இது பொருந்தாது.

தெரியுமா?

1845ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அக்கண்டுபிடிப்பு அப்போது பரவவில்லை. பின்னர், பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டி அதிராமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கி, 1888ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டு மாட்டு வண்டிகளிலும் இத்தகைய டயர்கள் பூட்டப்பட்டபோது அவை ‘டயர் வண்டி’ என அழைக்கப்பட்டன.

தொலைவுமானி காட்டும் பொய்க்கணக்கு

பெரிய டயரின் இழப்பை அளப்பதிலும் ஒரு சிக்கல் உள்ளது. வண்டியின் தொலைவுமானி சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரத்தின் சுற்றுகளை எண்ணியே தொலைவைக் காட்டுகிறது. சக்கரத்தின் சுற்றளவு கூடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதலான தொலைவைக் கடக்கும். மானியோ பழைய கணக்கையே காட்டும்.

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது அந்த அகலத்தில் டயர்ச் சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். 15 என்பது உள்வளையத்தின் விட்டம், அங்குலத்தில். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். இதற்கு மாற்றாக 31 அங்குல விட்டமுள்ள, அதாவது ஏறத்தாழ 79 சென்டிமீட்டர் டயரைப் பூட்டினால், விட்டம் 12 விழுக்காடு கூடும். மானி 100 கிலோமீட்டர் எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 112 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

டயர் மாற்றுமுன் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்த வண்டி, மாற்றியபின் 11 தான் தருகிறது என்று உரிமையாளர் வருந்தலாம். மானியின் பிழையைத் திருத்தினால் உண்மை அளவு 12.3 கிலோமீட்டர். இழப்பு உண்டு, ஆனால் அவர் நினைத்த அளவுக்கு இல்லை. இதன் மறுபக்கம் அச்சுறுத்துவது. மானி 60 கிலோமீட்டர் வேகம் எனக் காட்டும்போது வண்டி 67 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்.

ஆகவே, சிக்கனத்தை விரும்புபவர் முதலில் சரியாக அளக்கக் கற்க வேண்டும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைக் கொண்டு 10 கிலோமீட்டர் ஓட்டி, மானி காட்டும் தொலைவோடு ஒப்பிட்டுப் பிழையை அறியலாம். பின்னர்த் தொட்டியை முழுவதும் நிரப்பி, சில நாள்கள் ஓட்டி, மீண்டும் முழுவதும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய லிட்டர்களால், திருத்திய தொலைவை வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும்.

மழைக்கு மூன்று மாதம், செலவுக்குப் பன்னிரண்டு மாதம்

திருச்சுழிப் பக்கத்துப் பாதைகள் சேறாவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில்தான். அந்நாள்களிலும் வண்டியின் ஓட்டத்தில் சேற்றுப்பாதை சிறு பகுதியே. எஞ்சிய தொலைவு தார்ச்சாலை. ஆனால், பெரிய டயருக்கான கூடுதல் டீசல் ஆண்டு முழுவதும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவாகிறது.

ஒரு வண்டி நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் வீதம் மாதத்தில் 25 நாள்கள் ஓடுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தால் மாதத்திற்கு ஏறத்தாழ 179 லிட்டர் செலவாகும். 12 கிலோமீட்டராகக் குறைந்தால் 208 லிட்டர் தேவை. வேறுபாடு ஏறத்தாழ 30 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டாலும் மாதம் 2,700 ரூபாய். ஆண்டுக்கு 32,400 ரூபாய். வண்டிக் கடன் செலுத்தும் குடும்பத்திற்கு இது சிறுதொகை அன்று.

உயர்த்துவது தவறு என்று பொதுவாகக் கூறிவிட இயலாது. நாள்தோறும் கரிமூட்டத்திற்கும் கம்மாய்க்கரைக்கும் செல்லும் வண்டிக்குத் தரை இடைவெளி இன்றியமையாதது. அடிப்பகுதி தட்டி எண்ணெய்த்தொட்டி உடைந்தால் சேமித்த டீசலையெல்லாம் அச்செலவு விழுங்கிவிடும். ஆனால், சந்தைக்கும் நூற்பாலைக்கும் ஓடும் வண்டிக்கு அத்தேவை இல்லை. ஊர்ப்பாதையின் மோசமான ஓரிரு இடங்களில் சரளை பரப்புதல், மழை நாள்களில் களத்திலிருந்து சாலைவரை டிராக்டரில் சரக்கைக் கொணர்ந்து மாற்றியேற்றுதல் ஆகியன, பல வேளைகளில் வண்டியை உயர்த்துவதைவிட மலிவான தீர்வுகள்.

சிக்கனத்திற்கான வழிகள்

வண்டியின் தன்மை எதுவாயினும் பின்பற்றத்தக்க வழிகள் பல உள்ளன. அவற்றுள் முதன்மையானது டயரின் காற்றழுத்தம். காற்று குறைந்த டயர் மிகுதியாக அழுங்கும், உருள்தடை வளரும். நான்கு டயர்களின் சராசரி அழுத்தம் ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜ் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. பத்துப் பவுண்டு குறைந்த டயரோடு ஓடும் வண்டி, 100 லிட்டருக்கு 2 லிட்டரை வீணாக்குகிறது. காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி புறப்படுமுன் அளக்க வேண்டும். கோடை வெயிலில் ஓடிய டயரில் அழுத்தம் இயல்பாகவே கூடியிருக்கும். அப்போது காற்றை இறக்குவது பிழை. மணலிலோ சேற்றிலோ சிக்கும்போது மட்டும் காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் பரந்து பதிந்து புதையாமல் செல்லும். தார்ச்சாலையை அடைந்ததும் மீண்டும் நிரப்பிவிட வேண்டும்.

இரண்டாவது, டயர்த் தேர்வு. கருவேல முள்ளைத் தாங்கப் பக்கச்சுவரும் அடித்தளமும் உறுதியாக இருந்தால் போதும். ஆழமான கட்டைகள் தேவையில்லை. தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான டயர், முழுச் சேற்று டயரைவிடக் குறைவாக டீசல் கேட்கும். விட்டத்தைக் கூட்டாமல் நிறுவனம் கூறிய அளவிலேயே இத்தகைய டயரைத் தேர்ந்தெடுப்பது நன்று. டயரை மாற்றியபின் சக்கரங்களின் நேர்ப்பாட்டைச் சரிபார்க்க வேண்டும். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றால் டயர் உருள்வதோடு சாலையில் தேய்ந்தும் இழுபடும்.

மூன்றாவது, வேகம். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகம் சிக்கனமானது என்று 1978ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இந்திய அரசின் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பரிந்துரைக்கிறது. உயர்ந்த வண்டிக்குக் காற்றுத்தடை மிகுதியாதலால் இப்பரிந்துரை இன்னும் பொருத்தமானது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இத்தொலைவை 80 கிலோமீட்டர் வேகத்திற்கு மாற்றாக 60 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 12 அல்லது 13 நிமிடம் மட்டுமே கூடும். ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, வழியில் ஒரு தேநீரைத் தவிர்த்தால் அந்நேரத்தை ஈடுசெய்துவிடலாம்.

நான்காவது, வீண்சுமை. தொட்டியின் மூலையில் கிடக்கும் பழைய சங்கிலி, கம்பி, மணல்மூட்டை ஆகியன வாடகை தராத பயணிகள். அவற்றை இறக்கி வைக்கலாம். வெறுங்கையோடு திரும்புவதும் ஒருவகை வீண்சுமையே. சந்தையிலிருந்து திரும்பும்போது உரமோ தீவனமோ ஏற்றி வருமாறு திட்டமிட்டால், ஒரு நடைக்கான டீசல் இரண்டு நடைக்கு உதவும்.

ஐந்தாவது, பராமரிப்பு. புழுதி நிறைந்த இவ்வட்டாரத்தில் எஞ்சினின் காற்று வடிகட்டி விரைவில் அடைபடும். போதிய காற்று கிடைக்காத டீசல் எஞ்சின் கரும்புகை கக்கும். கரும்புகை என்பது முழுதும் எரியாத டீசல். மற்ற ஊர்களுக்குரிய கால அளவைப் பாராமல், புழுதியைப் பார்த்து வடிகட்டியைத் தூய்மை செய்ய வேண்டும்.

பெரிய டயர்தான் வேண்டும் என்னும் நிலையில், இறுதி அச்சிலுள்ள கியர் விகிதத்தை அதே அளவு கூட்டினால் எஞ்சினின் திணறல் நீங்கும். விட்டம் 12 விழுக்காடு கூடியிருந்தால், 4.1 என்னும் விகிதம் 4.6 ஆக வேண்டும். ஆனால், இது செலவு மிக்கது. உருள்தடையையும் காற்றுத்தடையையும் இது குறைக்காது.

பாதுகாப்பும் சட்டமும்

டயர் பெரிதாகும்போது குறைவது உந்துவிசை மட்டுமன்று. தரையில் கிடைக்கும் தடுப்புவிசையும் அதே விகிதத்தில் குறைகிறது. பிரேக்கை முன்னைவிட அழுத்தமாக மிதிக்க வேண்டும். வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே செல்வதால் வளைவுகளில் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. உயரமாக அடுக்கிய பருத்திப் பொதியோ கரிமூட்டையோ அவ்வாய்ப்பை மேலும் பெருக்கும். களையெடுப்புக்கும் கதிரறுப்புக்கும் செல்லும் தொழிலாளரைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்வது எப்போதும் சட்டத்திற்குப் புறம்பானது. உயர்த்தப்பட்ட வண்டியில் அது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறித்த அளவிலிருந்து மாறுபடுமாறு வண்டியை மாற்றியமைத்தல் கூடாது. 2019ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. எனவே, எந்த மாற்றத்தையும் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது உரிமையாளரின் கடமை. அனுமதியற்ற மாற்றம், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் இடர் விளைவிக்கும்.

குறிப்பேடும் பென்சிலும்

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது. எரியும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் ஏறத்தாழ 2.6 கிலோகிராம் கரியமில வாயுவைக் காற்றில் சேர்க்கிறது. மாதம் 30 லிட்டரைச் சேமிக்கும் ஒரு வண்டி, ஆண்டில் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயுவைத் தவிர்க்கிறது. ஆனால், திருச்சுழிப் பாதையில் விடியற்காலையில் வண்டியைக் கிளப்பும் ஒருவருக்கு இக்காரணங்கள் பின்னால் வருபவை. தவணை கட்டும் நாளில் கையில் பணம் இருக்குமா என்பதே அவர் முன்னுள்ள வினா.

அவ்வினாவுக்கு விடை காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. வண்டியின் முன்பலகையில் ஒரு சிறு குறிப்பேடும் ஒரு பென்சிலும் இருந்தால் போதும். நிரப்பிய லிட்டர், ஓடிய தொலைவு, ஏற்றிய சுமை, டயரின் காற்றழுத்தம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு முறையும் எழுதி வந்தால், மூன்று மாதங்களில் தன் வண்டியின் இயல்பை அதன் உரிமையாளர் எவரையும் கேட்காமல் அறிந்துகொள்வார். பெரிய சக்கரம் தனக்கு வேண்டுமா, வேண்டாவா என்பதை அக்குறிப்பேடு அவருக்குச் சொல்லும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள சரக்கு வண்டி ஒன்றின் டயரில் எழுதப்பட்டுள்ள எண்களைக் குறித்துக்கொண்டு, அந்த டயரின் விட்டத்தைக் கணக்கிடுக.

2. சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவரிடம் ஒரு மாத வரவு செலவு பற்றி உரையாடி, டீசல் செலவு அதில் பெறும் பங்கை வகுப்பறையில் எடுத்துரைக்க.

3. மாட்டு வண்டியின் உறுப்புகளைக் குறிக்கும் வட்டாரச் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா

1. உருள்தடை எவ்வாறு தோன்றுகிறது?

2. ‘சேம அச்சு’ – விளக்குக.

சிறுவினா

1. மாட்டு வண்டிக்கு உதவும் பெரிய சக்கரம் மோட்டார் வண்டிக்குத் தடையாவது ஏன்?

2. டயர் மாற்றிய வண்டியின் தொலைவுமானி பிழையாகக் காட்டுவதற்கான காரணத்தையும் அதைத் திருத்தும் முறையையும் எழுதுக.

நெடுவினா

1. கரிசல் நிலப் பாதைகளில் ஓடும் உயர்த்தப்பட்ட சரக்கு வண்டியின் எரிபொருள் செலவு கூடுவதற்கான காரணங்களையும் அதைக் குறைக்கும் வழிகளையும் தொகுத்துரைக்க.